கடைசி வீட்டுக் குழாய்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வந்துவிட்டால் ஜெசிந்தாவைக் கையில் பிடிக்க முடியாது. திண்டுக்கல்லில் அவள் தெருக் கத்தோலிக்கர்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. ஏழைகளுக்கென்று வீடு வீடாகத் துணி வாங்கினாள். "கிழிசல் ஆகாது, உங்களுக்கு ஆகாதது அவுகளுக்கு மட்டும் ஆகுமா?" என்று கறாராகக் கேட்டே வாங்கினாள். தன் பங்குக்கு மடிப்புக் கலையாத சின்னாளப்பட்டிச் சேலைகளை எடுத்து வைத்தாள். சாமியார் பூசையிலேயே பாராட்டினார்.

சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் முடித்திருந்தாள். கோபப்பட்டது, செபமாலை தவறியது, நாத்தனாரைப் புறணி பேசியது எல்லாம் சொன்னாள். மோட்டாரைச் சொல்லவில்லை. அது பாவத்தில் சேரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சோறு பொங்குவது போல அதுவும் ஒரு வீட்டு வேலை.

மாநகராட்சிக் குழாய் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே அந்த மோட்டாரை அவள் கணவன் சார்லஸ் பொருத்தியிருந்தான். மேலே ஒரு தகரம், அதன் மேல் கற்றாழைத் தொட்டி. தண்ணீர் விடும்போது சுவிட்சைத் தட்டினால், தெருக்குழாயில் ஓடுவதையெல்லாம் உறிஞ்சித் தரைத்தொட்டியை ரொப்பிவிடும். அதற்கு அப்பால் இருக்கும் இரண்டு வீட்டுக்கும் காற்றுதான். ஒன்று சிவனம்மாள் வீடு. கடைசி வீடு, இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கும் ஆரோக்கியம்மாளுடையது.

ஆரோக்கியம்மாள் குடத்தோடு வந்து வாசலில் நிற்பாள். ஜெசிந்தா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "புடிச்சுக்க ஆரோக்கியம், தண்ணிக்குப் போயி இல்லங்கலாமா?" என்பாள். சொல்லும்போது அவளுக்கே தன்னைப் பிடித்துப்போகும்.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் ஜெசிந்தா வீட்டில். மனமாற்றத்துக்கு ஆளாளுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று பேச்சு.

"நான் சீரியல விட்டுர்றேன்" என்றாள் ஒருத்தி.

"நீ விட்டாலும் அது ஒன்ன விடாதுடி" என்று ஏஞ்சலின் டீச்சர் சொல்ல, வீடே சிரித்தது.

சிரிப்புக்கு நடுவே வாசல் குழாய் இருமியது. தண்ணீர் விட்டுவிட்டார்கள். செபத்தில் உட்காராமல் வெளியே போன் பார்த்துக்கொண்டிருந்த சார்லஸ் எழுந்து சுவிட்சைப் போட்டான். மோட்டார் உறுமியது. யாரும் திரும்பவில்லை. மாடிக்குத் தண்ணீர் ஏற்றுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மன்றாட்டு நேரம். கூட்டத்தில் இருந்த ஆரோக்கியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, எங்க கொழாயிலயும் தண்ணி வரணும். நானும் சிவனம்மா அக்காவும் காலிக் கொடத்தோட அல்லாடுறோம். ஜெசிந்தாக்காவ நல்லா வையி ஆண்டவரே. அவுக மட்டும் தரலன்னா எங்க வீட்டு அடுப்பு எரியாது."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம்.

ஜெசிந்தாவின் வாயும் சொன்னது. பாதியில் நின்றது. அவளுக்கு மோட்டாரைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

டீ எடுக்கப் போகிறவள் போல எழுந்து வெளியே வந்து சுவிட்சை அணைத்தாள்.

"ஏய், தொட்டி பாதிகூட ரொம்பல" என்றான் சார்லஸ்.

"போதும்."

"என்ன போதும்? நாம ஒரு வீடு நிறுத்திட்டா ஆத்தூர் டேம் ரொம்பிருமாக்கும்?"

"டேம் ரொம்பாது. அங்கிட்டு ரெண்டு கொழாயில தண்ணி வரும். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

உள்ளே வந்து டீயை ஊற்றிக்கொண்டிருந்தபோதே தெருவிலிருந்து சிவனம்மாளின் குரல்.

"ஏ ஆரோக்கியம்! கொழாயில தண்ணி கொட்டுதுடி! ஓடியா!"

ஏஞ்சலின் டீச்சர் கைகளை மேலே தூக்கினார். "பாத்தீங்களா! கேட்ட வாய மூடல, குடுத்துட்டாரு! புதுமைங்க இது, அற்புதம்!" யாரோ பாட்டெடுத்தார்கள். ஆரோக்கியம்மாள் அழுதுகொண்டே ஜெசிந்தாவின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். "ஒங்க வீட்ல வச்சுக் கேட்டேன் பாருங்கக்கா, அதான்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஜெசிந்தாவுக்கு உள்ளங்கை எரிந்தது. அவள் சும்மா இருந்தாலே போதும். புதுமை நடந்த வீடு என்று கோயில் பங்கு முழுக்கப் பேர் வரும். அடுத்த முறை சார்லஸ் சுவிட்சைப் போடுவான், கடைசி வீட்டுக் குழாய் காயும். அதற்கும் ஆண்டவருடைய சித்தம் என்று சொல்லிக்கொள்வார்கள். அவளே முதல் ஆளாகச் சொல்லுவாள்.

"டீச்சர், பாட்ட நிறுத்தச் சொல்லுங்க. புதுமையெல்லாம் இல்ல. எங்க மோட்டாரு. நாங்கதான் உறிஞ்சிக்கிட்டிருந்தோம். இப்பதான் அணைச்சேன்."

பாட்டு நின்றது. சார்லஸ் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

"சரி, நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார் டீச்சர் மெதுவாக. "வெளிய தெரிஞ்சா அன்பியத்துக்குத்தான் அசிங்கம்."

ஜெசிந்தா கடைசி வீட்டுக்கு நடந்தாள்.

ஆரோக்கியம்மாள் கையில் கிடைத்த சட்டி பானையிலெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிவனம்மாள். ஜெசிந்தா வாசலில் நின்றபடியே சொன்னாள். சொல்ல நாலு வார்த்தைதான் இருந்தது.

"அடிப்பாவி!" என்றாள் சிவனம்மாள்.

ஆரோக்கியம்மாள் குழாயடியிலிருந்து நிமிர்ந்தாள். குடம் நிறைந்து வழிந்தது.

"அப்ப ஒங்க வாசல்ல நான் புடிச்சது?"

"ஒன் தண்ணிதான்."

"தண்ணி போனா போகுதுக்கா. ஒவ்வொரு கொடத்துக்கும் ஒங்களக் கையெடுத்துக் கும்புட்டேனே. கும்புட வச்சு வாங்கிக்கிட்டீகளே."

ஜெசிந்தா மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். அந்த வார்த்தையை எடுக்க இப்போது வெட்கமாக இருந்தது.

"நாளைக்குப் பிளம்பரக் கூட்டியாந்து கழட்டிர்றேன்."

ஆரோக்கியம்மாள் குடத்தை மாற்றி வைத்தாள். ஜெசிந்தா பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

"நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே கழட்டுங்க."

சிவனம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "நடங்க. நானும் வாரேன். கழட்டுறத எங்கண்ணால பாக்கணும்."

கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவனம்மாள் பின்னால் வர, ஜெசிந்தா அவர்களை நோக்கி நடந்தாள்.