பிரம்புச் சிறகு

தார் இளகும் வெயிலில் நாற்சந்தியின் நடுவே நின்றுகொண்டு அய்யாக்கண்ணு ஒரு மாட்டுவண்டிக்காரரைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, மாடு நின்னுடுச்சு பாருங்க. அதுக்குச் சட்டம் தெரியுது. பேசாம கயித்த அதுகிட்ட குடுத்துட்டு நீங்க நுகத்தடிக்கு வாங்களேன்!" வண்டிக்காரர் சிரித்தார். பின்னால் ரிக்‌ஷாவில் இருந்த சீனக் கிழவியும் ஒரு சொல் புரியாமலேயே சிரித்தாள்.

அய்யாக்கண்ணு போக்குவரத்துக்கு நிற்கும் மாத்தா மாத்தா; மலாய் மொழியில் போலீஸ்காரருக்கு அதுதான் பெயர். தோளுக்குத் தோள் நீண்டு, அதற்கும் அப்பால் கைநீளம் போகிற பிரம்புச் சிறகு ஒன்றை முதுகில் வாரால் கட்டியிருப்பார்கள். சிறகின் அகலம் தெரிந்தால் வண்டி நிற்கவேண்டும், ஓரம் தெரிந்தால் போகலாம். நாளெல்லாம் கையை நீட்டி வலிக்கவேண்டாமே என்று எந்தப் புண்ணியவானோ யோசித்த யோசனை. முதுகு என்ன பாடுபடும் என்று அவன் யோசிக்கவில்லை. சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி என்று ஊர் கொண்டாடுகிற நாளெல்லாம் அவருக்கு வேலை நாள். ஊரே சிரிக்கும்போது நான் மட்டும் உர்ரென்று நிற்பதா என்று தொடங்கியதுதான் இந்த வாய்.

அந்த வாய்தான் வினையாகியிருந்தது. கிறிஸ்துமஸ் அன்று ஹாரனை விடாமல் அழுத்திய ஒரு தோட்டத்துத் துரையிடம், "பிள்ளைக்குப் பசியா துரை, இப்படி அழுகிறதே?" என்று மலாயில் கேட்டுவைத்தார். இன்னொரு புகார் வந்தால் உடுப்பைக் கழற்றவேண்டியதுதான் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். உடுப்பு போனால் குடியிருக்கிற போலீஸ் அறையும் போகும். அதோடு தைப்பூசத்துக்குக் கேட்டிருந்த லீவும் போயிற்று.

மகள் காய்ச்சலில் கிடந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வேண்டிக்கொண்டது அது. வள்ளியம்மா பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடப்பாள், அவர் கூடவே நடப்பார். இன்று தைப்பூசம், அவள் தனியாகத்தான் வந்துகொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு சார்ஜண்ட் நூர் முகம்மது சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர், பயந்த மனுஷர். "குதிரைப் பந்தயத்துக்குப் பெரிய துரைமார் மோட்டார் காடியெல்லாம் வருது. காடி வந்தா சனங்கள நிறுத்து. வாயத் தொறக்காத."

முதல் தடவை அய்யாக்கண்ணு சொன்னபடி செய்தார். சிறகின் அகலத்தை ஊர்வலத்துக்குக் காட்டினார். பால்குடம் எடுத்தவர்கள் மலை சேரும்வரை குடத்தைக் கீழே வைக்கக்கூடாது, காலில் செருப்பும் கூடாது. கொதிக்கிற தாரில் பெண்கள் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றார்கள். ஏழு மோட்டார்கள் ஆற அமரப் போயின. "முருகன் எங்கயும் ஓடிட மாட்டாரு அக்கா, மெதுவா போவலாம்" என்று வழக்கம்போல ஒன்றை எடுத்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைக்காரி ஒருத்தி அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள். அவருடைய கேலி ஒன்று அப்படிச் செத்து விழுந்ததே இல்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

உச்சிவேளைக்கு அடுத்த கூட்டம் உறுமியோடு வந்தது. நான்காவது வரிசையில் மஞ்சள் சேலையில் வள்ளியம்மா. தலையில் குடம், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அதே நேரம் குறுக்குச் சாலையில் ஒரு கறுப்பு மோட்டார் வந்து ஹாரனை அழுத்தியது.

"அய்யாக்கண்ணு, திரும்பு!" என்று ஓரத்திலிருந்து சார்ஜண்ட் கத்தினார்.

பெண்டாட்டி வருகிறாள் என்றா திரும்ப மறுக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அவள் இல்லாவிட்டாலும் இனி முடியாது என்று தோன்றியது. சிறகின் அகலம் மோட்டாரைப் பார்த்தபடியே நின்றது.

"திரும்ப முடியலண்ணே. சிறகு காத்துல மாட்டிக்கிச்சு."

"காத்தா? ஒரு எல ஆடலியே!"

"இது சர்க்கார் சிறகுண்ணே. இதுக்கு அடிக்கிற காத்து உங்களுக்கும் எனக்கும் தெரியாது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குடம் தளும்பாமல் சிரிக்கப் பெண்கள் பட்ட பாடு பெரும்பாடு. வள்ளியம்மா சிரிக்கவில்லை, திரும்பவும் இல்லை. ஆனால் அவள் கால்கள் நிற்காமல் நடந்தன. அவருக்கு அது போதும்.

மோட்டாரிலிருந்து ஒரு துரை முகம் சிவக்க இறங்கி வந்து, சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் எழுதப் பென்சிலை எடுத்தார். அய்யாக்கண்ணு விறைப்பாக ஒரு சலாம் வைத்தார்.

"என் நம்பரு இருநூத்தி அம்பத்தெட்டு, துரை" என்று தமிழில் ஒருமுறையும் மலாயில் ஒருமுறையும் சொன்னார். "சரியா எழுதிக்குங்க. தப்பா எழுதினா பாவம், தண்டன வேற எவனுக்காச்சும் போயிடும்."

சார்ஜண்ட் ஓடிவந்து அவருக்குப் பின்னால் நின்றார். சிறகின் வாரை அவிழ்த்தார். "பைத்தியக்காரா, நானும் புள்ளகுட்டிக்காரன்டா" என்று காதோரம் முணுமுணுத்துவிட்டு, சிறகைக் கழற்றிக்கொண்டு ஓரத்துக்குப் போனார். துரை மோட்டாரில் ஏறிக் கதவை அறைந்தார். இனி அங்கே சட்டம் ஏதும் நிற்கவில்லை, வியர்த்துப்போன ஓர் ஆள்தான் நின்றார். மோட்டார் ஒரு முழம் நகர்ந்தது.

அய்யாக்கண்ணு இரண்டு கைகளையும் விரித்தார். முதுகு இவ்வளவு லேசாக இருந்து எத்தனையோ வருஷமாயிற்று. பின்னால் வரிசை போய்க்கொண்டே இருந்தது, வேப்பிலை வாசமும் பால் வாசமும் மாறி மாறி வந்தன. மோட்டார் இன்னும் ஒரு முழம் நகர்ந்தது. அதன் சூடு அவர் முழங்காலில் பட்டது. அவர் கையை மடக்கவில்லை.

துரை ஏதோ கத்தினார். மலாய்க்கார டிரைவர் அய்யாக்கண்ணுவைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் தாரில் வேகமாகப் போகிற வெறுங்கால்களைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி என்ஜினை அணைத்துவிட்டு, ஜன்னலில் முழங்கையை ஊன்றி, ஊர்வலம் பார்க்க வந்தவரைப்போல உட்கார்ந்துகொண்டார்.