ஓட்டோ தோண்டிய குழி

கூரை வைத்த பிரம்பு நாற்காலியைப் பால்டிக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டு, வீப்கே தன் நாய் ஓட்டோவை அவிழ்த்துவிட்டாள். ஓட்டோ நேரே பக்கத்து நாற்காலிக்காரரின் காலடிக்குப் போய்க் குழி தோண்டத் தொடங்கியது. அவருடைய செய்தித்தாள் முழுக்க மணல்.

"ஏம்மா, நாயைக் கூட்டிட்டு வர வேற இடமே கிடைக்கலையா? மனுஷன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் கடலுக்கு வர்றான்."

வீப்கே அசரவில்லை. "இவனும் வருஷத்துக்கு ஒரு தடவைதாங்க வர்றான். பின்னாடி அந்தப் பலகையைப் படிங்க."

நாய்களுக்கான கடற்கரை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் ஒரு நாய் படுத்திருந்தது.

"இங்க மட்டும் நாற்காலி காலியா இருக்கேன்னு காலையில சந்தோஷப்பட்டேன்," என்றார்.

"பரவாயில்ல, உக்காருங்க. யாரும் விரட்ட மாட்டாங்க."

அவருக்கு மனசு கேட்கவில்லை. விதிமுறை விதிமுறைதானே; அவரிடம் நாய் இல்லை. கையிலிருந்த மீன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து ஓட்டோவிடம் நீட்டினார்.

"யாராவது கேட்டா, சாயங்காலம் வரைக்கும் இது என் நாய்னு சொல்லிக்கலாமா?"

"தாராளமா," என்றாள் வீப்கே. "ஆனா நாய் தோண்டின குழியை அதோட சொந்தக்காரர்தான் மூடணும். அதுவும் பலகையில இருக்கு."