கழலாத பில்டர்

காரின் இன்ஜின் ஆயிலை வடித்துவிட்டுத்தான் ஆயில் பில்டரில் கை வைத்தேன். அதுதான் முதல் தப்பு. பில்டர் அசைகிறதா என்று பார்த்துவிட்டு ஆயிலை இறக்கியிருந்தால், அசையாத பட்சத்தில் வண்டியை அப்படியே டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். இருபத்திரண்டு வருஷமாக நூல் மில்லில் பிட்டராக இருப்பவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் செய்தேன். மூன்று மாதமாக எல்லாக் காரியமும் இப்படித்தான் நடக்கிறது. கை பாட்டுக்குச் செய்யும், நான் பக்கத்தில் சும்மா நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. பாளையம்பட்டிக்கு வெளியே எங்கள் வீட்டு வாசலில், நானே வெல்டிங் வைத்த இரண்டு இரும்புச் சாய்வுகளின் மேல் முன்சக்கரங்களை ஏற்றி வண்டியை நிறுத்தியிருந்தேன். பழைய வெள்ளைக் கார். நாலு மணிக்கு என் மச்சினன் முனீஸ்வரன் மல்லாங்கிணறிலிருந்து வந்து இதை எடுத்துக்கொண்டு போகப் போகிறான். சும்மாவே எடுத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். பழைய ஆயிலோடு ஒரு வண்டியை யாருக்கும் கொடுக்க எனக்கு மனசு ஒப்பாது. பொண்டாட்டியின் தம்பிக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

பொண்டாட்டி இப்போது இல்லை. தங்கமாரி மாசி மாதம் செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தவள், ஒன்பதாம் நாள் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனாள். இந்த வண்டியில்தான் கூட்டிப் போனேன். திரும்பும்போது ஆம்புலன்ஸ் முன்னால் போக, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். காரியாபட்டி தாண்டும்போது இரண்டாவது கியரில் ஒரு சத்தம் கேட்டது. என்னவென்று பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேனே தவிர, அழுகை வரவில்லை.

பந்தலில் யாரோ, "கல்லுல அடிச்சு வச்ச மனுசன் மாதிரி உக்காந்திருக்காக பாரு" என்றார்கள். காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பதினேழாம் நாள் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

மகள் பிரவீணாவால்தான் அதைத் தாங்க முடியவில்லை. மதுரையில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தவளிடம் வண்டியை மாமாவுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

"அம்மா உக்காந்து வந்த சீட்டுப்பா அது."

"சீட்டுல என்ன இருக்கு? ஸ்பாஞ்சுதான் இருக்கு."

"அம்மாவுக்குன்னு ஒரு சொட்டுக் கண்ணீரு விட்டீகளா நீங்க? இப்ப வண்டியவும் குடுத்துட்டா அம்புட்டுதான், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிரும்."

அதற்குப் பிறகு நாலு நாளாக என்னோடு பேச்சில்லை. தட்டில் சோறு வைப்பாள், சொம்பில் தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். அவள் சொன்னது சரிதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அழுகை என்ன குழாய்த் தண்ணீரா, திறந்ததும் வருவதற்கு?

பில்டருக்கு வருகிறேன். முதலில் வெறுங்கையால் திருகினேன். அசையவில்லை. உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். உள்ளங்கைத் தோல்தான் உரிந்தது. மில்லிலிருந்து வாங்கி வந்திருந்த செயின் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். பில்டரின் இடுப்பு நசுங்கியதே ஒழியச் சுற்றவில்லை.

எனக்கு இது விளங்கவே இல்லை. இதை மாட்டியவன் நான். கையால் இறுக்கி, அதற்குமேல் முக்கால் சுற்று. என் கணக்கு அவ்வளவுதான். பில்டரின் வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவித்தான் மாட்ட வேண்டும். தடவாமல் மாட்டினால் சூட்டில் ரப்பர் இன்ஜினோடு ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்யாததற்காக மில்லில் எத்தனையோ பேரைக் காய்ச்சி எடுத்திருக்கிறேன். போன ஆயுத பூஜை அன்று பெருவிரலால் சுற்றிலும் தடவியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் பில்டரோ, நீ தடவவில்லை என்கிறது. எனக்கு எரிச்சல் வந்தது. மூன்று மாதத்தில் என்னவோ ஒன்று வந்ததே என்று அதையும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு மில்லில் பூஜை முடிந்து மதியமே வந்துவிட்டேன். தங்கமாரி வண்டிக்கு முன்னால் பலகை போட்டு என் ஸ்பேனர்கள், அவளுடைய தையல் கத்தரிக்கோல், அரிவாள்மணை, மிக்ஸி ஜார் எல்லாவற்றையும் பரப்பிச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். டிவி ரிமோட்டுக்கும் ஒரு பொட்டு.

"ரிமோட்டு என்னடி ஆயுதமா?"

"உங்க கைய விட்டு எறங்காத ஆயுதம் அது ஒண்ணுதான?"

புது பில்டரின் ரப்பரில் ஆயிலைத் தடவி நானும் அதே பலகையில் வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். நான் கையை நீட்ட நீட்ட, கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். எந்த ஸ்பேனர் என்று எண் சொன்னால் போதும், மில்லில் என் ஹெல்பர்கூட அவ்வளவு சுருக்காகக் கொடுத்ததில்லை. கடைசியில் பில்டரைக் கொடுத்தாள். அண்ணாந்து படுத்தபடி அதைக் கை உணர்விலேயே மாட்டி இறுக்கினேன்.

பன்னிரண்டு மணிக்குமேல் பொறுமை போய்விட்டது. திருப்புளியைச் சுத்தியலால் அடித்துப் பில்டரின் வயிற்றில் ஒரு பக்கம் இறக்கி மறுபக்கம் எடுத்தேன். உள்ளே மிச்சமிருந்த கறுப்பு ஆயில் முழங்கை வழியாக அக்குள்வரை வழிந்தது. திருப்புளியைப் பிடித்துத் திருகியதும் தகரம் சர்ரென்று கிழிந்தது. இனி இதை வைத்து வண்டியை ஓட்டவும் முடியாது.

"சோறு வச்சிருக்கு" என்று பிரவீணா நிலைப்படியில் நின்று வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னாள். கையைத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முனீஸ்வரன் போன் செய்தான்.

"மச்சான், மூணு மணி பஸ்ஸுக்கு ஏறுறேன். வரும்போது பஸ்ஸு, போகும்போது நம்ம வண்டி."

"வா."

போனை வைக்காமல் இன்னொன்றும் சொன்னான். "அக்கா சாமான் எதுவும் வண்டிக்குள்ள கெடந்தா எடுத்து வச்சிருங்க மச்சான். எனக்கு அதைப் பாக்குற தெம்பு இல்ல."

"ஒண்ணும் கெடக்கல" என்றேன். சீட்டுக்கு அடியில் அவளுடைய கொண்டை ஊசி ஒன்று கிடந்தது. போல்ட் நட் போடும் டப்பாவில் அதைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

மறுபடியும் அடியில் நுழைந்தேன். தகரத்தைச் சுற்றிலும் பிய்த்து எறிந்ததும், இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு வட்டமாக அடித்தகடு மட்டும் மிஞ்சியது. அதன் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் அடிக்க ஆரம்பித்தேன். நாலு அடி, கொஞ்சம் இடம் மாற்றி நாலு அடி. தூசி கண்ணில் விழுந்தது. எத்தனை முறை சுற்றி வந்தேனோ தெரியாது. சடக்கென்று விட்டது. அதற்குப்பின் விரலாலேயே சுழற்றி இறக்கிவிட்டேன்.

வெளிச்சத்தின் பக்கம் திருப்பி ரப்பரைப் பார்த்தேன். அதன்மேல் மூன்று பொட்டுகள் இருந்தன.

சந்தனம் வெந்து ஓடு மாதிரி காய்ந்திருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் கறுத்துப்போன குங்குமம். அண்ணாந்து பார்த்தால் இன்ஜினின் முகத்திலும் அதே இடைவெளியில் மூன்று தடம். ரப்பரில் ஆயில் பிசுக்கே இல்லை, சுத்தமாகத் துடைத்த மாதிரி வறண்டு கிடந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எண்ணெய் மேல் சந்தனம் நிற்காது. நான் தடவி வைத்த ஆயிலை அழுக்கு என்று முந்தானையால் துடைத்துவிட்டு வைத்திருக்கிறாள். பலகையில் இருந்த அத்தனைக்கும் பொட்டு இருக்க, புதிதாக வந்தது மட்டும் மூளியாகப் போகலாமா? வளையம் இருக்கிற பக்கம்தான் அதற்கு முகம் என்று நினைத்திருப்பாள்.

வந்ததே ஒரு கோபம். படுத்த வாக்கிலேயே வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏ தங்கமாரி! இங்க வாடி! ரப்பர் மேல எவளாச்சும் சந்தனம் வப்பாளா? நான் தடவுன எண்ணெய வேற தொடச்சிருக்க! காலையில இருந்து இங்க கெடந்து சாகுறேன், வந்து பாரு நீ செஞ்ச வேலைய!"

கத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். அடுப்படியிலிருந்து, 'ஆமா, பெரிய பில்டரு' என்று அவள் சொல்ல வேண்டும். அதற்குமேல் நான் ஒன்று சொல்ல வேண்டும்.

வாசற்படி இறங்கி இரண்டு கால்கள் வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றன. பிரவீணாவின் கால்கள். அவளுக்குப் பின்னால் வேறு யாரும் வரவில்லை. தங்கமாரி இனி வர மாட்டாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணில் ஆயில் பட்டுவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஓவென்று அழுகைதான் வந்தது. வண்டியின் அடித்தகரத்தில் முட்டி அது என் காதிலேயே திரும்ப விழுந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

பிரவீணா குனிந்து, மண்ணில் ஊர்ந்து உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். ஆயிலில் அவள் சுடிதார் நனைந்தது. நான் தகட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஒரு பொட்டின் மேல் தன் மோதிர விரலை வைத்துப் பார்த்தாள்.

"அம்மா வெரலுப்பா" என்றாள்.

 பிறகு அவள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"மாமா பஸ்ஸு ஏறப் போறாகப்பா. மூணாகப் போகுது."

"போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லு."

"என்னன்னு சொல்லட்டும்?"

தகட்டை என் நெஞ்சின் மேல் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"பில்டரு கழலலைன்னு சொல்லு."