காப்புக் கட்டிய ஏழாம் நாள்

ஏழு நாட்களாகப் பிரதீபா தன் கணவனுக்குத் தேநீரைக் கையில் கொடுப்பதில்லை. முன்னறையில் உட்காரப் போட்டிருந்த நீள வாங்கின் ஒரு முனையில் கோப்பையை வைத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வாள். யோகராஜ் வந்து எடுத்துக் குடிப்பான். குடித்து முடித்ததும் கோப்பையை அதே இடத்தில் வைத்துவிட்டு, அவனும் மரியாதையாக இரண்டு எட்டுப் பின்னால் போவான்.

"சிங்கத்துக்குத் தீனி வைக்கிற மாதிரி இருக்குங்க," என்றாள் அன்று காலையில்.

"சிங்கத்துக்குச் சீனி பத்தலையாம்."

"பத்து நாளைக்குச் சிங்கம் வாய மூடிக்கிட்டுக் குடிக்கட்டும்."

யோகராஜின் வலது மணிக்கட்டில் காப்பாகக் கட்டிய மஞ்சள் கயிறு இருந்தது. அதில் ஒரு துண்டு மஞ்சளும் முடிந்திருந்தது. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் மாரியம்மன் கோயிலில் பத்தாம் நாள் தீமிதிப்பு. அதுவரைக்கும் மீன், இறைச்சி இல்லை, மெத்தை இல்லை, மனைவியைத் தொடுவதும் இல்லை. காவலுக்கு அவன் அம்மா அழகாயி இருந்தாள். தூரத்தில் நின்றே கொழுந்தையும் முற்றிய இலையையும் பிரித்துச் சொல்லிவிடும் கண் அவளுக்கு. முப்பது வருஷம் மலையில் உழைத்த கண்.

அவன் நெருப்பில் இறங்க வேண்டிக்கொண்டது பிரதீபாவுக்காகத்தான். போன வருஷம் அவளுக்கு டெங்கு வந்து மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரத்தத் தட்டுக்கள் பதினோராயிரத்துக்கு இறங்கிவிட்டன. மூன்று நாள் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றவன், மூன்றாம் நாள் விடியற்காலையில், "இவள எழுப்பிக் குடு தாயே, பூக்குழி எறங்குறேன்," என்று வேண்டிக்கொண்டான். அன்று மத்தியானம் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. மருந்தும் நல்ல தாதிமாரும்தான் காரணம் என்று பிரதீபாவுக்குத் தெரியும். இரத்தோட்டைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் அவள். ஆனாலும் அவன் வேண்டுதலைப் பற்றி ஒருநாளும் கேலி பேசியதில்லை. அந்த நேர்த்தி தீராமல் அவனுக்கு நித்திரை சரியாக வராது என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஏழாம் நாளான அந்தச் சனிக்கிழமை மத்தியானம், வாசல் நிலையில் காய்ந்துபோன வேப்பிலையை மாற்றுவதற்காகக் கதிரையில் ஏறினாள். பிளாஸ்டிக் கதிரை. சீமெந்துத் தரை அப்போதுதான் கழுவியது. பழைய கொத்தை அவிழ்த்து, புதியதைக் கட்டக் கையை உயர்த்தியபோது கதிரையின் பின்கால் வழுக்கியது.

பக்கத்திலேயே இருந்த தன் மோட்டர் வைண்டிங் கடையிலிருந்து சாப்பிட வந்த யோகராஜ் அந்த நேரம்தான் வாசற்படியில் கால் வைத்திருந்தான். அவன் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் அவளைத் தாங்கினான்.

"டேய்! விடுடா!" பின்பக்கமிருந்து அழகாயியின் குரல்.

"விட்டா விழுந்துருவாம்மா!"

"அய்யோ, விடாத! மெல்ல எறக்கு! எறக்கிட்டு விடு!"

இறக்கினான். பிரதீபாவின் கால் தரையில் ஊன்றியது. அவன் கை அவள் முதுகிலிருந்து எழுவதற்கு இன்னும் ஒரு மூச்சு நேரம் ஆனது. அந்த ஒரு மூச்சை அழகாயி பார்த்தாள். பிரதீபாவும் பார்த்தாள்.

அழகாயி கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்தாள். "போச்சு. ஏழு நாள் விரதம் போச்சு. தொட்ட கையோட குழியில எறங்குனா கால் பொசுங்கும். எறங்கலைன்னா வேண்டுதல் நிக்கும். ஆத்தா நின்ன கடன யாருகிட்டக் கேப்பா?" கேள்வியை முடிக்கும்போது அவள் கண்கள் மருமகளிடம் போய் நின்றன. அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

யோகராஜ் தரையில் சிதறிய வேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அவன் காது மடல் சிவந்திருந்தது. மோட்டர் ஒன்று தன் கையால் எரிந்துபோனால் அவன் இப்படித்தான் இருப்பான்.

அவனை அப்படிப் பார்க்க முடியாமல்தான் பிரதீபா அதைச் சொன்னாள்.

"அத்தை, அவர் என்னத் தொடவே இல்ல."

அழகாயி நிமிர்ந்தாள். "எனக்கு இன்னும் கண்ணு போகல புள்ள."

"கண்ணுக்குத் தெரியாது அத்தை. எல்லாமே அணுவால ஆனதுதானே? என் கையும் அணு, அவர் கையும் அணு. ஒவ்வொரு அணுவுக்கும் வெளியில இலத்திரன் சுத்திக்கிட்டு இருக்கு. ரெண்டு கை கிட்ட வந்தா இந்தப் பக்க இலத்திரன் அந்தப் பக்க இலத்திரனத் தள்ளும். கிட்ட வரவே விடாது. நடுவுல எப்பவும் ஒரு இடைவெளி இருக்கும். ஒரு மில்லிமீற்றரப் பத்து லட்சமாப் பிரிச்சா, அதுல ஒரு பங்கவிடவும் குறைச்சல். ஆனா இருக்கும். நீங்க இப்ப அந்த வாங்குலகூட உக்காரல. அதுக்கு மேல மிதக்கிறீங்க."

அழகாயி வாங்கைக் குனிந்து பார்த்தாள். பிறகு எழுந்து வந்து மருமகளின் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆ!"

"இது?"

"தொடல அத்தை. ஆனா வலிக்குது."

"புத்தகத்துல இருக்கா இது?"

"இருக்கு."

"பரீட்சைக்கு வருமா?"

"பெரிய வகுப்புக்கு வரும்."

அழகாயி கொஞ்ச நேரம் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், நிலையில் தொங்கிய பாதி வேப்பிலையைப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. "கவுமெந்துப் பள்ளிக்கூடப் புத்தகத்துலயே தொடலைன்னு இருக்கு. அப்புறம் என்ன?" என்று குடையை எடுத்தாள். "வேற யாராச்சும் போய்ப் பூசாரிகிட்ட வத்தி வைக்கிறதுக்கு முன்னால நானே சொல்லிட்டு வாறேன்."

"அத்தை, சாப்பிட்டுட்டு..."

அவள் படி இறங்கி, தெருவில் வந்த திரீவீலைக் கைகாட்டி நிறுத்திவிட்டாள்.

பிரதீபாவுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"இனிப் பயமில்லைங்க. எறங்கலாம்," என்றாள்.

"உண்மையா?" என்றான். "நீ சொன்னது."

"உண்மைதான்."

அவன் வாங்கின் மறுமுனையில் உட்கார்ந்தான். "நான் ஒரு மோட்டருக்குள்ள அறுநூறு சுத்துக் கம்பி சுத்துறேன். ஒண்ணோட ஒண்ணு நெருக்கித்தான் கெடக்கும். பாக்கிறவன் எல்லாம் தொட்டுக்கிட்டுக் கெடக்குன்னுதான் சொல்லுவான். ஆனா கம்பிக்கு மேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கு. டெஸ்டர் வச்சா கத்தாது. அது தொடல. பூச்சு உரிஞ்சு ஒரு எடத்துல கரண்டு அந்தப் பக்கம் போயிருச்சுன்னா, அதத்தான் நான் தொட்டதுன்னு சொல்லுவேன். இங்க இருந்து அங்க ஏதாவது போகணும். போனா தொட்டது. போகலைன்னா எவ்வளவு ஒட்டிக் கெடந்தாலும் தொடல."

"சரி."

"ஆஸ்பத்திரில மூணு நாள் உன் கையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். உன் கை சுட்டுச்சு பிரதீபா. அந்தச் சூடு என் கைக்கு வந்துச்சு. மூணாவது நாள் விடியக்காலையில அது கொஞ்சம் கொஞ்சமாக் குளிர்ற மாதிரி இருந்துச்சு. காய்ச்சல் எறங்குதா, நீ போறியான்னு எனக்குத் தெரியல. அந்தப் பயத்துலதான் வேண்டிக்கிட்டேன்." அவன் மஞ்சள் கயிற்றைச் சுற்றிவிட்டான். "அன்னிக்கும் தொடலையா நான்?"

பிரதீபா, அழகாயி கிள்ளிய முழங்கையைத் தடவினாள்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்து தங்கள் கைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். அவளுக்கு அது பிடிக்கும். மணி அடித்ததும் பாடம் முடிந்துவிடும். மணி அடித்த பிறகு ஒருவன் எழுந்து நின்று, தன் வாழ்க்கையிலேயே பெரிய மூன்று நாட்களை எடுத்து நீட்டி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் டீச்சர் என்று கேட்டதில்லை.

"நான் பாதியத்தான் சொன்னேன்," என்றாள் கடைசியில். "இலத்திரன் தள்ளும்ங்கிறது உண்மை. ஆனா அந்தத் தள்ளலத்தான் நம்ம தோல் உணருது. அதத்தான் மனுசர் தொடுறதுன்னு பேர் வச்சாங்க. அதவிட வேற தொடுறதுன்னு ஒண்ணு உலகத்துல எங்கயும் இல்ல. சூடு போகும். விசை போகும். நீங்க என்னத் தாங்கலைன்னா நான் இப்ப இடுப்பு ஒடிஞ்சு கெடப்பேன். அப்ப ஏதோ ஒண்ணு உங்ககிட்ட இருந்து எனக்கு வந்திருக்கு."

"அப்ப தொட்டேன்."

"தொட்டீங்க."

"ஆஸ்பத்திரிலயும்."

"ஆஸ்பத்திரிலயும். கல்யாணத்தன்னிக்கும். போன மாசம் பஸ்ஸுல யாரும் பாக்கலைன்னு நெனச்சீங்களே, அன்னிக்கும்."

இப்போது அவன் சிரித்தான். ஆனால் எழுந்து சேர்ட்டை மாட்டினான். "வா, போவோம்."

"எங்க?"

"கோயிலுக்கு. தொடலைன்னு சொல்லிக்கிட்டு என்னால நெருப்புல எறங்க முடியாது. ஆத்தாவுக்குப் பொய் சொல்றதுகூட ரெண்டாவது. உன்னத் தொடலைன்னு நானே ஊருக்குச் சொல்லிக்கிட்டு நடக்கிறதா?"

"எறங்காட்டி உங்களுக்கு நித்திரை வராதே. ஒரு வருசமா இதையேதானே நெனச்சுக்கிட்டு இருந்தீங்க."

"வராதுதான்," என்றான். "இன்னொரு வருசம் வராது. பாப்போம்."

மேல் டிவிசனுக்குத் திரீவீலில் போனார்கள். அவன் சாரதிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டான். அவள் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். மிளகுக் கொடி ஏறிய மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் போயின. கண்ணாடியில் அவன் முகத்தில் பாதி தெரிந்தது.

கோயில் முன்றலில் பூக்குழிக்கான மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பூசாரி இருளாண்டி மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, எதிரில் அழகாயி கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"...நடுவுல இடைவெளி இருக்காம் அண்ணே. பத்து லட்சத்துல ஒண்ணாம். படிச்ச புள்ள பொய் சொல்லுமா?"

"எல்லாத்துக்கும் நடுவுலயா?" என்று கேட்டார் இருளாண்டி.

"எல்லாத்துக்கும்தான்."

"காலுக்கும் நெருப்புக்கும் நடுவுலயும்?"

அழகாயியின் கை அந்தரத்தில் நின்றது.

"இருபத்தாறு வருசம் எறங்கியிருக்கேன் அழகாயி," என்றார் அவர். "நெருப்பையே மிதிக்காமலா நடந்தேன்? இந்தா, இந்தத் தழும்பு எங்க இருந்து வந்துச்சு?" காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினார். "தொடுறது இல்லைன்னா தீமிதிப்பும் இல்ல. பயலுகள மண்ணு வெட்டுறத நிப்பாட்டச் சொல்லவா?"

"அய்யய்யோ, அப்படிச் சொல்லாதீங்க!"

யோகராஜ் அவர் முன்னால் போய் நின்றான். "தொட்டேன் மாமா. அவ விழப் போனா, புடிச்சேன்."

"விழப் போனவளப் புடிச்சது கையோட வேல. அதுக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சு..."

"தரையில நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் விடல."

மண் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மண்வெட்டியை நிறுத்தினார். பிரதீபா சேலைத் தலைப்பில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

இருளாண்டி யோகராஜை மேலும் கீழும் பார்த்தார். "அத நீ சொல்லாட்டி யாருக்குடா தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்," என்றாள் அழகாயி, மெதுவாக.

"அப்ப ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதான்." இருளாண்டி அவன் கையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தார். "பத்து நாள் காப்புக்காரந்தான் குழியில எறங்கலாம். இப்ப உனக்கு மூணு நாள்தான் மிச்சம். மூணு நாள் காப்புக்குப் பால்குடம். பொம்பளைங்களோட நடக்கணும், சம்மதமா?"

"சம்மதம்."

"வேண்டுதல்?" என்று அழகாயி கேட்டாள். "இவளுக்கு ஏதாச்சும்..."

"அது அப்படியே நிக்கும். வாற வருசம் எறங்கட்டும். ஆத்தா என்ன, பஸ் புடிச்சு ஊரவிட்டா போகப் போறா?" பிறகு பிரதீபாவைப் பார்த்தார். "நீயும் மூணு நாள் காப்புக் கட்டு டீச்சர். நீயும் ஒரு குடம் தூக்கு. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் காவல். உங்க அத்தை பாவம், அவளுக்கும் ஓய்வு வேணும்."

"நான் கேட்டேனா ஓய்வு?" என்றாள் அழகாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

யோகராஜ் வெற்று மணிக்கட்டைத் தடவினான். கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் கோடு விழுந்திருந்தது. "புதுக் காப்பு இப்பவே கட்டுறீங்களா மாமா?"

"இப்ப எப்படி? ஆறு மணிப் பூசையிலதான் கட்டுவேன். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க."

அழகாயிதான் முதலில் கணக்குப் போட்டாள்: ஆறு மணி வரைக்கும் இரண்டு பேர் கையிலும் காப்பு இல்லை. மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு சட்டென்று திரும்பி, "நான் இங்கயே இருந்து பூக்கட்டுறேன். நீங்க போங்க," என்றாள்.

படி இறங்கும்போது மேலே இருந்து அவள் குரல் துரத்தியது. "ஆறு மணிக்கு! அஞ்சரைக்கே வந்துருங்க!"

கீழே திரீவீல்காரர் காத்துக்கொண்டிருந்தார். யோகராஜ் அவரைப் போகச் சொன்னான்.

"ஏங்க?" என்றாள் பிரதீபா. "நடந்தா முக்கால் மணித்தியாலம் ஆகுமே."

"ஆகட்டும்."

அவன் கையை நீட்டினான். கம்பி இழுத்து இழுத்துக் காய்ப்பு ஏறிய கை. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஏழு நாளில் அது இவ்வளவு சொரசொரப்பாகிவிட்டதா, அல்லது எப்போதும் இப்படித்தானா என்று அவளுக்கு நினைவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டான்.

"மணி மூணேகால்."

"மெதுவா நட."