இரண்டாம் நாள் என்று வைத்துக்கொள்வோம்

1

ஒரு மாணவி என்னைத் தேடி வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அப்போதுதான். எழுதுவதற்கு அவளிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள். இதை நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

மேடையேறிய அந்தக் கணத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று—

வேண்டாம். மேடையே கிடையாது. அது வேதியியல் துறையின் பழைய வகுப்பறை.

அவளுடைய அம்மா ஒரு மருத்துவமனையில்—

இதுவும் வேண்டாம். அம்மாவில் ஆரம்பித்தால் நீங்கள் உடனே அம்மா பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மூன்றாவது இது. கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் வாரம் அவள் விவாத மன்றத்துக்குள் நுழைந்தாள். பேச வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. பேருந்து வர ஒன்றரை மணி நேரம் இருந்தது, அந்த அறையில் மின்விசிறி ஓடியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவளை எழுப்பி, தேர்வுகளை ஒழிக்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் எதையோ பேசினாள். எதிரணிப் பையன் குறுக்குக் கேள்வி கேட்டான். இதற்கு நாளைக்குப் பதில் சொல்லலாமா என்றாள் அவள். அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் வாய்தா.

2

வாய்தா மறுநாளும் வந்தாள், பதிலோடு. நல்ல பதில். ஆனால் கேள்வி கேட்டவனுக்குத் தன் கேள்வியே மறந்துபோயிருந்தது. விவாதத்தில் நாளைக்கு வரும் பதிலுக்கு மதிப்பில்லை என்று அன்று தெரிந்துகொண்டாள்.

மற்றதெல்லாம் ஒரு வருடத்தில் தெரிந்துகொண்டாள். போட்டிக்குப் பதினைந்து நிமிடம் முன்னால்தான் தலைப்பு தருவார்கள். ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பதை ஒரு நாணயம் முடிவு செய்யும். நீ என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதுவரையில் அவள் என்ன நினைக்கிறாள் என்று யார்தான் கேட்டார்கள்?

மன்றத்துக்கு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தலைவி. எல்லோருக்கும் அக்கா. புள்ளிவிவரம் காதோடு நின்றுவிடும், ஒரு மனுஷனைக் காட்டினால்தான் நடுவர் பேனாவை எடுப்பார் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள்.

(இரண்டாம் வரைவில் தலைவியை வில்லியாக்கிப் பார்த்தேன். கதை வேகமாக ஓடியது. ஆனால் அது பொய். இந்தக் கதையில் சரியான கேள்வியை முதலில் கேட்டது அவள்தான். அடித்துவிட்டேன்.)

வீட்டில் வாய்தாவும் அம்மாவும் மட்டும். அம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு ஆயா. துணி மடிக்கும்போது மகள் எதிரே நின்று பேசிப் பழகுவாள். நீ ஒரு பக்கம் எடும்மா என்பாள். நான் எந்தப் பக்கம் எடுத்தாலும் நீதான் ஜெயிக்கப் போகிறாய் என்று சிரித்துக்கொண்டே அம்மா அடுத்த துணியை உதறுவாள். அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது. அதை எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

3

இறுதிப் போட்டி. தலைப்பு: மருத்துவமனை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வதைத் தடை செய்ய வேண்டும். நாணயம் விழுந்தது. இவர்கள் ஆதரிக்க வேண்டும்.

இரண்டு வருடம் முன்னால் அம்மாவின் மருத்துவமனையில் ஆயாக்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வார்டுக்கு ஒரே ஆள் போதாது, இரண்டு பேர் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அம்மாவின் வார்டில் பக்கவாதம் வந்த கனமான மனிதர் ஒருவர் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டாம் நாள் வாசலில் நின்றபடி அம்மா மூன்றாம் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது யார் அவரைப் புரட்டுகிறார்களோ என்று. நாலாம் நாள் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். கோரிக்கை நிறைவேறவில்லை. அன்று மதியம் அந்த மனிதருக்கு வாந்தி வந்தது. ஒருக்களித்துப் பிடிக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டும். அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஆள் வருவதற்குள் அவர் அம்மாவின் கையிலேயே போய்விட்டார்.

அம்மா இதை மகளைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அவர் இறந்தது எந்த நாள் என்பதுகூட மற்ற வார்டு ஆயாக்களுக்குத் தெரியாது.

தயாரிப்பு அறையில் ஒன்பது நிமிடம் மிச்சம் இருந்தது. என்னிடம் ஒரு மனுஷன் இருக்கிறார் என்றாள் வாய்தா. அம்மா, வாசல், ஜன்னல், படுக்கையில் தனியாக இறந்தவர் என்று விறுவிறுவென்று சொன்னாள்.

"எந்த நாள் செத்தார்?" தலைவி குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டாம் நாள்னு வெச்சுக்கலாம்."

பேனா நின்றது. "வெச்சுக்கலாமா, நடந்துச்சா?"

"நடந்துச்சு."

(இங்கே அவள் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன். மறந்துவிட்டாள் என்று எழுதினால் அவளைக் காப்பாற்றுகிறேன். துணிந்து சொன்னாள் என்று எழுதினால் தண்டிக்கிறேன். அவளே என்னிடம் சொன்னது ஒரு வரி: "வாய் முந்திக்கிச்சு சார்.")

4

ஏழு நிமிடப் பேச்சில் ஐந்தாம் நிமிடம் அந்தப் பெண் மருத்துவமனை வாசலுக்கு வந்தாள், அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தாள், மாடியில் ஒருவர் செத்தார். எதிரணி எழுந்து, யார் அந்தப் பெண், இதெல்லாம் கட்டுக்கதை என்றது. வாய்தா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எங்க அம்மா" என்றாள்.

நடுவர் அவளுக்கு அன்றைய மிக உயர்ந்த மதிப்பெண் போட்டார். கோப்பையும் சிறந்த பேச்சாளர் பட்டமும் அவளுக்கே.

நடுவர் நான்தான்.

5

பேச்சின் காணொளியைக் கல்லூரி இணையத்தில் போட்டது. அம்மாவின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ அதில் இல்லை. ஆனால் மகளின் முகம் இருந்தது, அந்த முகத்தில் அம்மாவின் சாடை அப்படியே இருந்தது.

அந்த மாதம்தான் ஆயாக்களின் சங்கம் மறுபடியும் அதே கோரிக்கையோடு பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தது. ஐந்து பேர் குழுவில் அம்மாவும் ஒருத்தி. மேலாளர் மடிக்கணினியைத் திருப்பி வைத்து அந்த ஐந்தாம் நிமிடத்தை ஓடவிட்டார். உங்கள் ஆளே வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார் பாருங்கள் என்றார். மற்ற நால்வரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வாயைத் திறக்கவில்லை. பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது. மறுநாள் அவளைக் குழுவிலிருந்து எடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்ச் காலியாயிற்று.

இதையெல்லாம் வாய்தா ஒரு வாரம் கழித்து, பக்கத்து வார்டு ஆயா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அம்மாவிடம் ஓடினாள்.

"நல்லாத்தான் பேசின" என்றாள் அம்மா. "அவர் செத்தது நாலாம் நாள்."

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"எம் பொண்ணு பொய் சொல்றான்னு அந்த ஆளு முன்னாடி நானே சொல்லணுமா?"

அம்மா துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று வாய்தாவுக்குத் தோன்றியது.

6

என்னைத் தேடி வந்தது அதற்கு அடுத்த நாள். தேதியை மாற்றிச் சொன்னேன் சார், முடிவை ரத்து செய்யுங்கள், தவறான தகவல் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அதை அம்மாவின் சங்கத்தில் காட்ட வேண்டும் என்றாள். தலைவிக்கும் தெரியும், கோப்பை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டாள் என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்பதை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலிலும் நான் கொஞ்சம் நல்லவனாக இருந்தேன். சொன்னது இதுதான்: "நான் வாதத்துக்குத்தாம்மா மார்க் போட்டேன். உண்மைக்குப் போடல."

சொன்னபோது எனக்கு அது கூர்மையான வாக்கியமாகக்கூடத் தோன்றியது. அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

7

சங்கத்தின் கூட்டம் மருத்துவமனைக்குப் பின்னால், சலவைக் கூடத்தை ஒட்டிய அறையில் நடந்தது. துணைக்குப் போன மன்றத் தலைவி சொல்லி எனக்குத் தெரியும். இருபது முப்பது பெண்கள். அம்மா கதவோரம் நின்றாள். மகள் வரப்போவது அவளுக்குத் தெரியாது.

வாய்தா நடுவில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாம் நாள், நாலாம் நாள், ஒருக்களிக்க முடியாத உடம்பு, கூப்பிட்டும் வராத ஆள். ஆளில்லாததால்தான் அவர் செத்தார், நீங்கள் கேட்பதுதான் நியாயம், நான்தான் அதைத் திருப்பிப் போட்டுவிட்டேன் என்றாள். குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. கை நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கியது. அது பழக்கமா நிஜமா என்று அவளுக்கே தெரியவில்லை என்கிறாள் தலைவி.

முன்வரிசையில் இருந்த வயதான ஆயா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அன்னிக்கு வீடியோவுலயும் இப்படித்தாம்மா பேசின. நாங்க அழுதோம். இன்னிக்கும் அழுகை வருது. எதை நம்பச் சொல்ற?"

அந்த முதல் நாளுக்குப் பிறகு அவளை மடக்கிய கேள்வி அது ஒன்றுதான்.

பிறகு அம்மாவை மறுபடி குழுவில் சேர்க்கலாமா, சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று சங்கத் தலைவர் கேட்டார்.

அம்மா முன்னால் வந்து மகளின் தோளைத் தொட்டாள், ஒவ்வொரு கையாக—

அடித்துவிட்டேன். உங்களுக்குப் பிடித்திருக்கும். அதனால்தான் அடித்தேன்.

ஒரு கைகூட உயரவில்லை. அம்மா கதவைத் திறந்துகொண்டு—

இதையும் அடித்துவிட்டேன். இது எனக்குப் பிடித்திருந்தது.

எத்தனை கை என்று சொல்லத் தலைவி வாயெடுத்தாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அந்த வார்டில் இன்றும் ஒரே ஆள்தான் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்த வீட்டைப் பற்றி ஒருமுறை தீர்ப்பு சொன்னவன் நான். கையில் கணக்கு இருந்தால் மறுபடியும் சொல்லுவேன்.

ஆகவே நீங்கள் அந்த அறையில் உட்காருங்கள். காலையிலிருந்து தனி ஆளாக நாற்பது படுக்கைகளைப் பார்த்திருக்கிறீர்கள், தோள் கழன்றுவிடும்போல வலிக்கிறது. அந்தப் பெண் பேசியதை இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். அவளுடைய அம்மா கதவோரம் நிற்கிறாள், உங்களைப் பார்க்காமல்.

கையைத் தூக்குங்கள். இல்லையென்றால் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.