தொட்டியடி நாய்கள்

வாளி கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே அயலில் இருக்கிற தம்பிஐயாவின் நாய் தொட்டியடியில் வந்து நின்று இருமியது. தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோலக் கழுத்தை நீட்டி, வயிற்றை எக்கி இருமிவிட்டு, மூக்கால் வழிந்ததை நக்கிக்கொண்டு இரஞ்சிதத்தைப் பார்த்தது. அதற்குப் பின்னால் மூன்று தெருநாய்கள். ஆவணி வெயிலில் புங்குடுதீவுக் குளங்கள் வெடித்துக் கிடந்தன. இந்தப் பக்கத்து மாட்டுக்கும் நாய்க்கும் மிஞ்சியிருப்பது றோட்டோரத்துச் சீமெந்துத் தொட்டி ஒன்றுதான். கட்டியவர்கள் கனடாவில். கிணற்று மோட்டரை எவனோ கழற்றிக்கொண்டு போனதிலிருந்து, பக்கத்து வளவில் குடியிருக்கிற பாவத்துக்கு இரஞ்சிதம்தான் அள்ளி நிறைக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. மாடு வந்து வெறும் தொட்டியை நக்கிக்கொண்டு நின்றால் அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

அவளுடைய மணியன் கொட்டிலுக்குள் கட்டிக் கிடந்தான். பிறந்ததிலிருந்து கயிறு தெரியாத நாய். புகையிலைத் தோட்டத்துக்கு இருட்டோடு கூலிக்குப் போகும்போது முன்னால் ஓடுவான். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது பக்கத்திலேயே நடப்பான். புருசன் செத்த பிறகு அந்த வீட்டில் அவள் வாய்திறந்து பேசுவது அவனோடு மட்டும். போன வருசம் பஸ் அடித்து விலா முறிந்ததில் அவனுக்கு நெஞ்சு பழுது. அதனால்தான் ஊர்நாய்கள் இருமத் தொடங்கியதும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் மிருக வைத்தியரிடம் காட்டினாள்.

"நாய்களுக்கு வாற சளிக்காய்ச்சல் அம்மா," என்றாள் வைத்தியராக இருந்த அந்த இளம் பிள்ளை. "மற்றதுகள் அநேகமாத் தப்பிடும். இவருக்கு வந்தால் தாங்க ஏலாது. ஒரு நாயோடையும் விடாதேங்கோ. அதுகள் வாய் வைச்சதைத் தொட்ட கையோட இவரைத் தொடவும் வேண்டாம்."

அன்றிலிருந்து வேலை இரண்டு மடங்கு. தொட்டியைத் தேய்த்து நிறைத்து, பின்வளவில் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பு மாற்றித்தான் கொட்டிலுக்குள் போகவேண்டும். அதற்குள் கை கழன்று விழுகிற மாதிரி இருக்கும். என்ன கழுவினாலும் கையில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. சோற்றுச் சட்டியைத் தடியால் தள்ளிவிடுவாள். மணியன் சோற்றைப் பார்ப்பதில்லை. தலையைத் தடவாத அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கிடப்பான்.

தம்பிஐயா சைக்கிளை வேலியில் சாத்தினார். "என்ன இரஞ்சிதம், மணியனுக்கு இன்னும் விடுதலை இல்லையோ?"

"உங்கட நாயைக் கட்டியிருந்தா அவன் ஏன் அண்ணை மறியல்ல கிடக்கிறான்?"

"கட்டினா உது ஊளையிட்டே என்னைக் கொண்டுபோடும். நீர் தண்ணியை நிப்பாட்டும், நாயள் ஒண்டாக் கூடாது, இந்தச் சளி வருத்தமும் தன்ர பாட்டில நிக்கும்."

"மாடு என்னத்தைக் குடிக்கிறது? உங்கட கதையையோ?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் தண்ணியை நிப்பாட்டச் சொன்ன அந்தச் சொல் அவளோடு தோட்டம்வரை வந்தது.

பின்னேரம் மாடுகள் குடித்துப் போனதும், தொட்டியில் மிச்சமிருந்ததை வேம்படியில் இறைத்து ஊற்றினாள். வளவெல்லாம் தேடி எடுத்த வாய் உடைந்த பானை, பெயின்ற் வாளி, காது போன தாச்சிச் சட்டி, பழைய பேசின் எல்லாவற்றையும் றோட்டுக்கரையில் தள்ளித்தள்ளி வைத்தாள். ஒரு நாய்க்கு ஒன்று, எச்சில் கலக்காமல். ஒவ்வொன்றாக அள்ளி நிறைத்ததில் கப்பிக் கயிறு உள்ளங்கையை உரித்தது.

"கலியாணப் பந்தியோ?" என்றார் திரும்பி வந்த தம்பிஐயா.

"ஓம். ஆளுக்கு ஒரு இலை."

நாய்கள் வந்தன. தம்பிஐயாவின் நாய் இருமிக்கொண்டே முதலில் இருந்த பானையில் வாய் வைத்தது. மற்ற மூன்றும் வாளியைத் தாண்டி, தாச்சியைத் தாண்டி, பேசினை மணந்துகூடப் பார்க்காமல் வந்து, அதே பானைக்குள் தலையை நெருக்கி நுழைத்தன. இரஞ்சிதம் கல்லெடுத்து எறிந்தாள். சிதறி ஓடின. திரும்பி வந்து அதே பானையைச் சுற்றி நின்றன.

தம்பிஐயா இந்தமுறை சிரிக்கவில்லை. சைக்கிளில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தன் நாயை நோக்கிப் போனார்.

அப்போது கொட்டிலுக்குள் ஒரு இருமல் கேட்டது.

கயிறு இழுத்து இறுகினாலும் நாய் இருமும். அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். வாளியைக் கீழே வைக்கவில்லை. அதன் அடியால் ஒழுகிய தண்ணீர் காலை நனைத்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்க, கொட்டிலை மறைத்த கிடுகு வேலிப் பக்கம் காதைக் கொடுத்தபடி, அடுத்த இருமல் வருகிறதா என்று நின்றாள்.