நான் அடைத்த ஏழு ஓட்டைகள்

நூம்பலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆளுயர மண்மேடு. அது சரியாமல் தாங்குவது ஒரு பழைய கருங்கல் சுவர். சுவருக்கும் அம்மாவின் கட்டில் கிடக்கும் அறைக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்துதான்.

ஐப்பசி பிறந்ததும் சுவர் நடுவில் வயிறு தள்ளியது. பூந்தமல்லியிலிருந்து கொத்தனார் ஹாஜா மொய்தீன் பாய் வந்தார். மேலே சிமெண்ட் பூசினால் போதாதா என்றேன். சுண்ணாம்பில் கட்டியதற்குச் சுண்ணாம்புதான் என்று புடைத்த கற்களைக் கழற்றி, கடுக்காய்த் தண்ணீரில் குழைத்த சாந்து வைத்து மறுபடி அடுக்கினார். இறுக நாளாகும், பக்கத்தில் ஆணிகூட அடிக்காதே என்று எச்சரித்தார்.

தண்ணீர் வடிய ஓட்டையே கிடையாதா என்று முதல் நாளே கேட்டார். இல்லை என்றேன்.

பொய். அடிவரிசையில் ஏழு இருந்தன. போன வருஷம் ஒன்றிலிருந்து சாரைப்பாம்பு வந்தது. அம்மா கற்பூரம் ஏற்றினாள். நான் அவளைத் திட்டிவிட்டு, ஏழிலும் சிமெண்ட் அடைத்துச் சேறு பூசினேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, பி.எஸ்ஸி. பிஸிக்ஸ். நீரின் அழுத்தம் பற்றிப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதியவள். இதைக் கொத்தனாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. விடியலிலிருந்து மழை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ஒரு மணிக்குச் சுவருக்குள் கல் நெரிபடும் சத்தம். புதுக்கட்டை ஒட்டிய பழைய பகுதி புடைத்திருந்தது. அம்மாவுக்குக் காலில் மாவுக்கட்டு. தூக்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

அவளை இழுக்கப் பார்த்தேன். வலியில் என் கையைத் தட்டிவிட்டாள். "நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து நின்னுகினு கீது. இன்னிக்கா வுழப்போவுது? வுடுடி."

உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனேன். புதுக்கட்டுக்குத் தூரமான கோடியில் ஆரம்பித்தேன். ஒவ்வொரு அடிக்கும் மேலேயிருந்து மண் உதிர்ந்தது. மூன்றாவது ஓட்டை திறந்ததும் செந்தண்ணீர் முகத்தில் பீய்ச்சியது. ஐந்தாவதை உடைக்கும்போது முதுகுக்குப் பின்னால் பாய் நின்றிருந்தார். தலையில் தொப்பி, உடம்பெல்லாம் ஈரம்.

"ஓட்ட இல்லன்னியேமா."

"நான்தான் அடைச்சேன் பாய். ஏழு."

"மீதி ரெண்டு?"

நான் அவருடைய புதுக்கட்டின் அடியைக் காட்டினேன்.

அவர் என் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. "மொதல்ல அம்மாவத் தூக்கு" என்றார். இருவரும் கட்டிலோடு அம்மாவைத் தெருப்பக்க அறைக்குக் கொண்டுபோனோம். என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் சந்துக்குள் திரும்பினார். நாலு நாள் உழைத்த புதுக்கட்டின் மேல் அவரே உளி வைக்கும் சத்தம் கேட்டது. ஏதோ இரண்டு கல் சரிந்து விழுந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து வாசலுக்குத் தண்ணீர் வந்தது. இறுகாத சுண்ணாம்பு கரைந்து, பால் போல.

சுவர் நின்றது. பாய் கை கழுவிக்கொண்டே சொன்னார், "கடுக்கா ஊறப் போடு. இந்தத் தபா நீதான் சாந்து கொழைக்கிற."